"உடம்புக்கே எல்லாம் தெரியும்" என்று சொல்லி விற்பவர்களுக்கு ஒரு டாக்டரின் பதில்

1/
கொஞ்சம் நீளமான இழை. டீ எடுத்துட்டு உட்கார்ந்து படிங்க. ஆனா இரும்பு மாத்திரையோட மட்டும் டீ குடிக்காதீங்க. ஏன்னு கீழே வரும்.

உங்க வீட்டுல ரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிடறவங்க, கர்ப்பிணி, பார்க்கின்சன் நோயாளி, "உலோகக் கழிவை நீக்கும்" பொடி வாங்கி வச்சிருக்கறவங்க யாராவது இருந்தா இது அவங்களுக்கானது.

2/
என் சண்டை ஒரே ஒரு வாக்கியத்தோடதான்.

"உடம்புக்கே எல்லாம் தெரியும். வேண்டியதை எடுத்துக்கும், வேண்டாததை வெளியே தள்ளிடும்."

யூடியூப்ல இதைக் கேக்காத நாள் கிடையாது. இந்த ஒரு வாக்கியத்தை வச்சுத்தான் டானிக் விக்கிறாங்க, பரிசோதிக்காத பஸ்பம் விக்கிறாங்க, டிடாக்ஸ் பொடி விக்கிறாங்க.

3/
முதல்ல ஒரு சின்னக் கேள்வி. வேண்டாததை உடம்பே வெளியே தள்ளிடும்னா, உங்க டிடாக்ஸ் பொடி எதுக்கு?

"உடம்புக்குத் தெரியும்"னு சொல்லி உலோகத்தை உள்ளே அனுப்புறதும் அவங்கதான். "உடம்புல உலோகம் சேர்ந்துடுச்சு"னு பயமுறுத்தி வெளியே எடுக்கப் பொடி விக்கிறதும் அவங்கதான். ரெண்டு பக்கமும் கல்லா நிறையுது.

4/
சரி, விஷயத்துக்கு வருவோம். உலோகமும் அமினோ அமிலமும் நம்ம செல்லுக்குள்ள எப்படிப் போகுது?

செல்லைச் சுற்றி இருக்கிற சவ்வு கொழுப்பாலானது. இரும்பு, துத்தநாகம், தாமிரம் எல்லாம் நீரில் கரைந்த மின்னூட்டம் கொண்ட அயனிகள். எண்ணெய்க்குள்ள தண்ணி இறங்காத மாதிரி, இவையும் தானா உள்ளே போகாது. புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களுக்கும் இதே கதைதான்.

5/
அதனால சவ்வில் அங்கங்க வாசல்கள் இருக்கு. டிரான்ஸ்போர்ட்டர்னு சொல்லுவோம், தமிழ்ல கடத்திகள். ஒவ்வொன்றும் ஒரு புரதம். ஒரு பக்கம் வாயைத் திறந்து பொருளைப் பிடிக்கும். வடிவம் மாறி, மறுபக்கம் கொண்டுபோய் விடும்.

நம்ம உடம்பில் எஸ்எல்சி என்ற ஒரே பெரும் குடும்பத்தில் மட்டும் 400க்கும் மேற்பட்ட கடத்திகள் உண்டு.

6/
இந்த வாசலுக்கு எது நல்லது, எது கெட்டதுன்னு எப்படித் தெரியும்?

தெரியாது. இதுதான் இந்த இழையின் மொத்தச் செய்தி.

அதுக்குக் கண் கிடையாது, மூளை கிடையாது. அளவு, மின்னூட்டம், வடிவம், இவ்வளவுதான் கணக்கு. சாவி பொருந்துதான்னு பூட்டுக்குத் தெரியும். அந்தச் சாவி யார் கையில இருக்குன்னு பூட்டுக்குத் தெரியாது.

7/
இது என் கருத்து இல்லீங்க. ஆய்வகத்தில் பார்த்தது.

1997ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு ஆய்வுக் குழு, இரும்புச்சத்து கொடுக்காமல் வளர்த்த எலியின் சிறுகுடலிலிருந்து ஆர்என்ஏவை எடுத்து, தவளை முட்டைக்குள் செலுத்தியது. முட்டை அந்த எலிக் குடலின் வாசலைத் தன் சவ்வில் கட்டிக்கொண்டது. பிறகு ஒவ்வொரு உலோகமாக வெளியே விட்டு, எது உள்ளே போகுதுன்னு மின்னோட்டத்தை வச்சு அளந்தார்கள்.

8/
இரும்பு உள்ளே போனது. சரி.

துத்தநாகம், மாங்கனீசு, கோபால்ட் ஆகியவையும் மின்னோட்டத்தைக் கொடுத்தன. சரி, அவையும் உடம்புக்கு வேண்டியவைதான்.

காட்மியமும் கொடுத்தது. ஈயமும் கொடுத்தது. இது ரெண்டும் சுத்த விஷம். உடம்பில் இதுக்கு ஒரு வேலையும் கிடையாது.

அந்த வாசலுக்கு இன்று டிஎம்டி1 என்று பெயர். இரட்டை மின்னூட்ட உலோகங்களைக் கடத்தும் புரதம் என்று அர்த்தம். பெயரில்கூட 'இரும்பு' கிடையாது.

(ஈயம்னா இங்கே காரீயம். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேற உலோகம்.)

9/
இப்போ கவனமா கேளுங்க. உடம்பில் இரும்பு குறைஞ்சா குடல் என்ன செய்யும்? டிஎம்டி1 வாசல்களை அதிகமாக்கும். பசிக்கிறது, கதவை அகலமாத் திறக்குது.

திறந்த கதவு வழியா இரும்பு மட்டுமா வரும்? இரும்புச்சத்து குறைந்த பெண்கள் உணவிலிருந்து காட்மியத்தை அதிகமா உறிஞ்சுறாங்க என்பதற்கு ஆதாரம் உறுதியா இருக்கு. ஈயத்துக்கு டிஎம்டி1 ஒரே வாசல் இல்லை, வேறு வழிகளும் உண்டு. ஆனா இரும்பு குறைந்த குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் அதிகமா இருப்பது திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட ஒன்று.

10/
நம்ம நாட்டுக் கணக்கை இதோட சேர்த்துப் பாருங்க.

தேசிய குடும்பநல ஆய்வு, 2019-21: 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளில் 67 சதவீதம். எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை. ஆனா அது ஒரு முக்கியக் காரணம்.

யுனிசெஃப் 2020ல் வெளியிட்ட அறிக்கை: உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு ரத்தத்தில் ஈயம் கவலைப்படும் அளவில் இருக்கு. அதில் இந்தியாவின் பங்குதான் மிகப் பெரிது.

11/
ஒரு பக்கம் இரும்புப் பசியில் கதவு அகலமாத் திறந்து கிடக்கு. இன்னொரு பக்கம் பழைய பெயின்ட், வீட்டுப் பக்கத்தில் பேட்டரி உடைக்கிற பட்டறை, பளிச்சுன்னு தெரியறதுக்காக ஈயக் குரோமேட் பூசின மஞ்சள், கண்ணுக்கு வைக்கிற சில சுர்மா.

பெரியவங்க விழுங்கும் ஈயத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கை உறிஞ்சுவாங்க. சின்னக் குழந்தை கிட்டத்தட்ட பாதியை உறிஞ்சும். அது வளரும் மூளைக்குப் போகும். படிப்பில், கவனத்தில், அறிவுத்திறனில் இழந்ததை எந்த டானிக்கும் திருப்பித் தராது.

இங்கே எங்கேங்க இருக்கு "உடம்புக்குத் தெரியும்"?

12/
சரிசெய்ய முடியாதான்னு கேட்டா, முடியும். பங்களாதேஷ் செஞ்சு காட்டுச்சு. 2019ல் அங்கே சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசு சோதனை போட்டது, அபராதம் போட்டது, மக்களிடம் பிரச்சாரம் செய்தது. 2021ல் அது பூஜ்ஜியம்.

டிடாக்ஸ் பொடி அல்ல, உணவுப் பாதுகாப்பு அதிகாரிதான் அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றினார்.

13/
"சரி டாக்டர், உள்ளே போனாலும் உடம்பு வெளியே தள்ளிடும்ல?"

இரும்பையே எடுத்துக்குவோம். ஒரு பெரியவர் உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம். தினமும் உணவிலிருந்து உறிஞ்சுவது 1 முதல் 2 மில்லிகிராம். அதிகமான இரும்பை வெளியே தள்ள உடம்பில் எந்த ஏற்பாடும் இல்லை. உதிரும் தோல், குடல் செல், மாதவிடாய் ரத்தம் இவற்றோடு போவதுதான் போகும். அதனால மொத்தக் கட்டுப்பாடும் நுழைவாசலில்தான்.

14/
ஈயம் எலும்புக்குள் போய் உட்காரும், பல பத்தாண்டுகளுக்கு. கர்ப்ப காலத்தில் அம்மாவின் எலும்பு கால்சியத்தை விடும்போது, சின்ன வயசில் சேர்ந்த ஈயமும் சேர்ந்து இறங்கி, தொப்புள்கொடி வழியா குழந்தைக்குப் போகும்.

காட்மியம் சிறுநீரகத்தில் தங்கும். அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 வருஷம் ஆகும்.

"மூணு நாள் ஜூஸ் குடிச்சா உலோகம் போயிடும்" என்பவரிடம் இதைக் காட்டுங்க.

15/
அடுத்து இரும்பு டானிக். "எவ்வளவு அதிகமா சாப்பிடறோமோ அவ்வளவு ரத்தம் ஊறும்." இதுவும் தப்பு.

குடல் செல்லுக்குள் வந்த இரும்பு ரத்தத்துக்குப் போக, மறுபக்கம் ஃபெரோபோர்ட்டின் என்று இன்னொரு வாசல் இருக்கு. அதுக்குக் காவல்காரர் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின். ஹெப்சிடின் வந்து ஒட்டினால் அந்த வாசலே செல்லுக்குள் இழுக்கப்பட்டு அழிக்கப்படும். 2004ல் தெளிவான விஷயம் இது.

16/
ஒரு பெரிய டோஸ் இரும்பு மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் ஏறும். சுமார் 24 மணி நேரம் ஏறியே இருக்கும். அதுக்குள்ள அடுத்த மாத்திரை போட்டா அதில் உறிஞ்சப்படும் பங்கு குறையும். மிச்சம் குடலில் தங்கி வயிற்று வலி, மலச்சிக்கல், கருப்பு மலம்.

2017ல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வில், இரும்பு இருப்பு குறைந்த ஆனால் ரத்தசோகை இல்லாத பெண்களிடம், ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தபோது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உறிஞ்சிய பங்கு கூடுதலா இருந்தது.

17/
இதைப் படிச்சுட்டு கர்ப்பிணிகள் மாத்திரையைத் தாங்களா மாத்திக்காதீங்க. அரசு கொடுக்கும் 60 மில்லிகிராம் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையை, நர்சம்மா சொன்னபடி தினமும் போடுங்க. கர்ப்ப காலத்துத் தேவை வேற.

நான் சொல்ல வர்றது: ஒரு நாளைக்கு மூணு வேளை டானிக் ஊத்தினா மூணு மடங்கு ரத்தம் ஊறாது. வயிறுதான் கெடும், பர்ஸும் காலியாகும்.

18/
இப்போ டீ விஷயம். டிஎம்டி1 எடுத்துக்கொள்வது இரட்டை மின்னூட்ட இரும்பை மட்டும். கீரை, பருப்பு, கேழ்வரகில் இருக்கும் இரும்பு பெரும்பாலும் மூன்று மின்னூட்டம் உள்ளது. அதை மாற்றிக் கொடுக்க எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யாவில் உள்ள வைட்டமின் சி உதவும். டீ, காபியில் உள்ள பாலிஃபீனால்கள் இரும்பைக் கட்டிப்போட்டு வாசல் வரைக்கும் வரவிடாது.

மாத்திரைக்கும் டீக்கும் நடுவில் ஒண்ணு ரெண்டு மணி நேரம் விடுங்க. இது இலவச மருத்துவம்.

19/
"ஹெப்சிடின்னு காவல்காரர் இருக்காரே, அப்போ உடம்புக்குத் தெரியுதுதானே?" புத்திசாலித்தனமான கேள்வி.

தெரியறது அவ்வளவு நிச்சயம்னா அந்தக் காவல்காரர் ஏமாறக் கூடாது. ஏமாறுகிறார்.

தலசீமியா இன்டர்மீடியா நோயாளியைப் பாருங்க. எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களைச் செய்யத் திணறுது, "இரும்பு அனுப்பு, அனுப்பு"ன்னு கத்துது. ஹெப்சிடின் அடங்கிப் போகுது, வாசல் திறக்குது. உடம்பு முழுக்க இரும்பு நிறைஞ்சு கல்லீரலும் இதயமும் கெட்டுக்கிட்டு இருக்கும்போதும் குடல் இன்னும் இன்னும் உறிஞ்சுது.

20/
அதனாலதான் கேக்கறேன், "ரத்தம் கம்மி"ன்னதும் வருஷக்கணக்கா டானிக் வாங்கிக் குடிக்காதீங்க. ஃபெரிட்டின் பாருங்க. இரும்பு சரியா இருந்தும் ரத்த அணு சின்னதா இருந்தா ஹெச்பிஎல்சி பரிசோதனை கேளுங்க. ஒரு தடவை செய்தால் போதும்.

டானிக் விளம்பரத்தில் இந்த வரி ஏன் வரலைன்னு நினைக்கிறீங்க?

21/
அடுத்தது: வாசலே உடைஞ்சு பிறக்கிற குழந்தைகள்.

ஜிப்4 என்பது குடலில் துத்தநாகத்தை உள்ளே விடும் கடத்தி. சில குழந்தைகளுக்கு அந்த ஜீன் பழுது. தாய்ப்பால் நிறுத்தினதும் வாய், ஆசனவாய், கை கால் விரல்களைச் சுற்றிப் புண், வயிற்றுப்போக்கு, முடி உதிர்வு. ஒரு காலத்தில் இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் இறந்துபோனார்கள்.

22/
1970களில் லண்டன் மருத்துவர் மொய்னஹான், துத்தநாகம் கொடுத்ததும் இந்தக் குழந்தைகள் நாள்கணக்கில் தேறுவதைக் கண்டுபிடித்தார். 2002ல் பழுதான ஜீன் தெரிந்தது. வாசல் உடைஞ்சிருந்தாலும் அளவு கூட்டிக் கொடுத்தா பக்கவழியில் போதுமான அளவு போய்ச் சேருது. வாழ்நாள் முழுக்கத் துத்தநாகம், குழந்தை நல்லா வளரும்.

"சத்தான சாப்பாடு கொடுத்தா உடம்பு எடுத்துக்கும்" என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தால் குழந்தை செத்திருக்கும்.

23/
இன்னொரு உடைந்த வாசல்: ஏடிபி7பி. கல்லீரலில் மிச்சமான தாமிரத்தைப் பித்தத்தில் தள்ளுவது இதன் வேலை. இது பழுதானால் வில்சன் நோய், ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்கு. அம்மா அப்பா இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வரணும். சொந்தத்துக்குள் கல்யாணம் நடக்கிற நம்ம ஊரில் இதை மறக்கவே கூடாது.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை, கையெழுத்து கோணல், பேச்சு குழறல், படிப்பில் திடீர்ச் சரிவு. "காத்து கருப்பு"ன்னு ஆறு மாசம் போயிடும்.

24/
இதுக்கு மருந்து உண்டு. பெனிசில்லமைன், 1956ல் வந்தது, சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் நெருங்கிய உறவு. தாமிரத்தைப் பிடித்துச் சிறுநீரில் இறக்கும்.

இன்னொன்று துத்தநாகம். குடல் செல்லுக்குள் மெட்டல்லோதயோனின் என்ற புரதத்தை அது தூண்டும். அந்தப் புரதம் தாமிரத்தைப் பிடித்து வைக்கும். சில நாளில் அந்த செல் உதிரும்போது தாமிரமும் வெளியே. எந்த வாசல் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சதால் கிடைத்த மருத்துவம்.

25/
வில்சன் நோயாளி வீட்டில் ஒருத்தர் போய் "செப்புப் பானைத் தண்ணி குடிங்க, கல்லீரலுக்கு நல்லது"ன்னு சொன்னா என்ன ஆகும்? மத்தவங்களுக்குப் பெரிசா ஒண்ணும் ஆகாத தண்ணி, அந்தப் பிள்ளைக்கு மெதுவான விஷம்.

"எல்லாருக்கும் நல்லது"ன்னு ஆரம்பிக்கிற எந்த உலோக அறிவுரையையும் நம்பாதீங்க.

26/
"முன்னோர்கள் முட்டாள்களா டாக்டர்?" இல்லீங்க. அவங்களை முட்டாளாக்குறது இந்த வீடியோக்கள்தான்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவர் தெருவில் கூவிக்கிட்டு வருவார், ஞாபகம் இருக்கா? பூச்சு போன பாத்திரத்தில் புளியும் தயிரும் வைக்கக் கூடாதுன்னு பாட்டிக்குத் தெரியும். செம்பு இறங்கும்னு அனுபவத்தில் கண்டவங்க. இன்னைக்குப் பூச்சில்லாத செம்புப் பாட்டில்ல எலுமிச்சைத் தண்ணி ஊத்திக் குடிக்கச் சொல்றது யாரு? முன்னோரா?

27/
இதுக்கு நம்ம நாட்டிலேயே கசப்பான வரலாறு உண்டு. இந்தியக் குழந்தைப்பருவ கல்லீரல் சிரோசிஸ். கைக்குழந்தைகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற நோய். 1980களில் புனேயில் மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, அந்தக் குழந்தைகளின் கல்லீரலில் தாமிரம் மலைபோல இருந்தது. பூச்சில்லாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பால் முக்கியக் காரணமாகச் சுட்டப்பட்டது. பாத்திரம் மாறியது. நோயும் கிட்டத்தட்ட மறைந்தது.

அந்தச் சின்னக் கல்லீரல்களுக்கு "தெரியலை".

28/
இப்போ அமினோ அமில வாசலுக்கு வருவோம். விஷம் இங்கே மாறுவேஷத்தில் வரும்.

மூளையைச் சுற்றி ரத்தக்குழாயில் ஒரு கடுமையான தடுப்பு இருக்கு. பெரிய அமினோ அமிலங்களை உள்ளே விடும் வாசல் எல்ஏடி1. லியூசின், ஃபினைல்அலனின், டிரிப்டோஃபேன், மெத்தியோனின் எல்லாம் இதே வரிசையில் நிக்கும்.

29/
ஜப்பானின் மினமாட்டா வளைகுடா. ஒரு ரசாயன ஆலை மீதைல் பாதரசத்தைக் கடலில் கலந்தது. மீன் தின்ற பூனைகள் ஆடி ஆடிச் செத்தன, பிறகு மனிதர்கள். 1956ல் நோய் அதிகாரபூர்வமா பதிவானது. பெரிசா அறிகுறியே இல்லாத அம்மாக்களுக்கு, மூளை சிதைந்த குழந்தைகள் பிறந்தன.

மூளைக்குள் பாதரசம் எப்படிப் போச்சு?

30/
மீதைல் பாதரசம் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோட ஒட்டிக்கும். ஒட்டினதும் அதோட உருவம் மெத்தியோனின் மாதிரி ஆகிடும். எல்ஏடி1 வாசல் அதை மெத்தியோனின்னு நினைச்சு மரியாதையா உள்ளே கூட்டிட்டுப் போகும். 2002ல் இதையும் தவளை முட்டையில் வச்சுத்தான் காட்டினாங்க.

மூளை விஷத்தைத் தடுக்கலை. கைப்பிடிச்சு அழைச்சுது.

31/
இப்போ "அமினோ அமிலத்தோட சேர்த்த உலோகம், அதனால உடம்பு உணவுன்னு ஏத்துக்கும், பக்க விளைவே இல்லை"ன்னு வர்ற விளம்பரத்தைப் படிங்க.

கிளைசினோட சேர்ந்த இரும்பு நியாயமான மருந்துதான், சிலருக்கு வயிற்றுத் தொந்தரவு குறையும். ஆனா "உடம்பு ஏத்துக்கும்" என்பது பாதுகாப்புக்கு அத்தாட்சி இல்லை. மினமாட்டாவிலும் உடம்பு ஏத்துக்கிச்சு.

32/
மீனை நிறுத்தச் சொல்லலை. நெத்திலி, மத்தி மாதிரி சின்ன மீனில் பாதரசம் குறைவு, சத்து அதிகம். சுறா மாதிரி மற்ற மீனைத் தின்று பெருக்கும் பெரிய மீனில் அதிகம். கர்ப்பிணிகள் சின்ன மீனா சாப்பிடுங்க.

33/
இதே எல்ஏடி1 வாசல்தான் பார்க்கின்சன் மாத்திரை லெவோடோபாவும் மூளைக்குப் போகும் வழி. அதுவும் ஒரு அமினோ அமிலம்தான். அதனால "காலையில வேலை செய்யுது, மதியம் முட்டை, சுண்டல் சாப்பிட்டா மாத்திரை வேலை செய்யலை"ன்னு அப்பா சொன்னா அது பிரமை இல்லை. குடலிலும் மூளை வாசலிலும் புரதத்தின் அமினோ அமிலங்கள் வரிசையில் முந்திக்குது.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடலாமான்னு உங்க டாக்டரிடம் கேளுங்க. புரதத்தை நிறுத்தாதீங்க. மாத்திரையை நீங்களா கூட்டாதீங்க. "பலம் வரட்டும்"னு புரோட்டீன் பவுடரை அந்த மாத்திரையோட கலக்கிக் கொடுக்காதீங்க.

34/
சிறுநீரகத்துக்கும் இதே மாறுவேஷம் உண்டு. ஆய்வகச் செல்களில் பார்த்தது: ரெண்டு சிஸ்டீனோட ஒட்டின பாதரசம், சிஸ்டின் என்ற அமினோ அமிலம் மாதிரி நடிச்சு, சிஸ்டினின் வாசல் வழியாகவே உள்ளே போகும். பரம்பரைச் சிறுநீரகக் கல் நோயான சிஸ்டினூரியாவில் பழுதாவது இதே வாசல்தான்.

35/
2022ல் சென்னையைச் சேர்ந்த சிறுநீரகத் திசு ஆய்வாளர்களின் குழு 'கிட்னி இன்டர்நேஷனல்' இதழில் எழுதியது: சிறுநீரில் புரதம் கொட்டும் ஒரு வகை சிறுநீரக நோய், பாரம்பரிய மருந்து என்று எடுத்துக்கொண்டவர்களிடம் அதிகம் காணப்பட்டது. அந்த மருந்துகளில் பாதரசம் இருந்தது. நிறுத்தியதும் பெரும்பாலோருக்குக் குறைந்தது. (இந்த நோயில் சிறுநீரகத்தைத் தாக்குவது நோயெதிர்ப்பு மண்டலம். அது வாசல் கதையைத் தாண்டிய இன்னொரு கதை.)

முகம் வெளுக்கும் சில கிரீம்களிலும் பாதரசம் உண்டு. கேரள மருத்துவர்கள் இதே நோயை அங்கேயும் கண்டார்கள்.

36/
இதைச் சொன்னா "சித்த மருத்துவ எதிரி" என்பாங்க. இல்லை. சுத்தி செய்ததா, என்ன வடிவத்தில் இருக்கு, எவ்வளவு இருக்குன்னு பரிசோதனை அறிக்கையோட கொடுக்கும் பதிவு பெற்ற சித்த மருத்துவரோடு எனக்கு வழக்கே இல்லை. பாதரசத்தின் வடிவத்தைப் பொறுத்து விஷத்தன்மை மாறும் என்பதும் உண்மை. அதனாலதான் கேக்கறேன்: அளந்து காட்டுங்க.

இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதப் பொருள்களை அமெரிக்காவில் அளந்து 2008ல் வெளியிட்டாங்க. ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக்கில் ஏதாவது ஒன்று இருந்தது.

37/
"அப்போ கீலேஷன் செஞ்சு உலோகத்தை எடுத்துடலாம்ல?" ரத்தத்தில் ஈயம் மிக அதிகம்னு நிரூபணமானால் மருத்துவமனையில் வச்சுச் செய்வது அது. ஸ்பாவில் செய்வது அல்ல.

அந்த மருந்துகளுக்கும் நல்ல உலோகம், கெட்ட உலோகம்னு தெரியாது. 2003 முதல் 2005 வரை அமெரிக்காவில் தவறான வகை ஈடிடிஏ ஏற்றி ரத்தத்தில் கால்சியம் சரிந்து 3 பேர் இறந்தாங்க. அதில் 2 பேர் குழந்தைகள்.

38/
இனி யார் எந்த உலோகத்தை விக்க வந்தாலும், மூணு கேள்வி கேளுங்க.

எந்த வாசல் வழியா உள்ளே போகுது?
எவ்வளவு போகுதுன்னு அளந்தீங்களா?
எப்படி வெளியே வரும்?

பதில் சொல்றவர் எந்த வைத்திய முறையா இருந்தாலும் உட்கார்ந்து கேளுங்க. "உடம்புக்கே எல்லாம் தெரியும்"னா எழுந்து வந்துடுங்க. இந்தக் கேள்விகளை என் அறையிலும் கேளுங்க. டானிக் எழுதித் தர்ற எங்க ஆட்களுக்கும் இது பொருந்தும்.

39/
சுருக்கமா:

✅ ரத்தசோகைக்கு ஃபெரிட்டின் பாருங்க, காரணம் கண்டுபிடிங்க.
✅ இரும்பு மாத்திரையோட எலுமிச்சை ஓகே, டீ வேண்டாம்.
✅ குழந்தையின் இரும்புக் குறைவைச் சரிசெய்வது ஈயத்திலிருந்தும் ஓரளவு பாதுகாப்பு.
✅ பேட்டரிப் பட்டறை வேலை செய்றவங்க உடை மாத்தி, குளிச்சுட்டு வீட்டுக்குள் வாங்க.
✅ பிள்ளைக்குக் காரணம் தெரியாத கல்லீரல் நோய்னா "வில்சன் பார்த்தாச்சா?"ன்னு கேளுங்க. உடன்பிறந்தவங்களுக்கும் பரிசோதனை வேணும்.
✅ கால் வீக்கம், சிறுநீரில் நுரை இருந்தா, எடுத்துக்கிற பொடி, பஸ்பம், கிரீம் எல்லாத்தையும் மறைக்காம டாக்டரிடம் காட்டுங்க.

40/
கடைசியா ஒண்ணு. "தவளை முட்டையில எலிக்குடல் வாசலை ஆராய எதுக்கு மக்கள் வரிப்பணம்?"னு கேக்கறவங்க உண்டு. ஈயத்தை நம்ம உடம்பு இரும்புன்னு நம்பி வாங்குதுன்னு சொன்னது அந்த முட்டைதான். பாதரசம் எந்த வேஷத்தில் மூளைக்குள் போகுதுன்னு காட்டினதும் அதுதான்.

உடம்பு அற்புதம்தான், ஆனா அது ஞானி இல்லை. வாசலில் நிக்கிறது விஷமா சத்தான்னு அதுக்குத் தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கிற வேலை நம்மளோடது.

வீட்டு குரூப்ல போடுங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன்.